ஜீனோம் ஆராய்ச்சியில் நாடுகள் கூட்டுச் சேரும்போது பணம் யாருடையது?

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஜீனோம் ஆராய்ச்சியில் இந்தியா பல சர்வதேசக் கூட்டமைப்புகளில் சேர்ந்திருக்கிறது. அதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள்? நம் வரிப்பணம் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போகிறதா? இத்தனை விஞ்ஞானிகள் இருக்கும் நாடு தனியாகவே செய்துகொண்டால் என்ன?"

ஜீனோம் என்றால் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுப்பு; அதன் எழுத்துகளை வரிசையாகப் படிப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் அடிப்படை. முதலில் நேரடியான பதில். பெரும்பாலான ஜீனோம் கூட்டமைப்புகளில் ஆராய்ச்சிப் பணம் எல்லை தாண்டுவதே இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பங்கு வேலையைத் தன் ஆய்வகத்தில், தன் கஜானாப் பணத்தில் செய்கிறது. எல்லை தாண்டிப் போவது தரவும், வேலையை எப்படிச் செய்வது என்ற ஒப்பந்தமும்தான். கூட்டாஞ்சோறு ஆக்குவது மாதிரி: ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுப் பருப்பு, சாப்பிடும்போது எல்லாருக்கும் முழுச்சோறு. இதில் ஒரு விசேஷம், எதுவும் கொண்டுவராதவரும் சாப்பிடலாம். தரவு பொதுவில் வந்துவிடுகிறதே! அப்படியானால் நாம் ஏன் செலவழிக்க வேண்டும்? நீங்கள் கேட்டதற்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சுற்றியே பதில் சொல்கிறேன்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மனித ஜீனோம் திட்டம் 1990 அக்டோபரில் தொடங்கி 2003 ஏப்ரலில் முடிந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 300 கோடி டாலர் என்று திட்டமிட்டார்கள். பெரும்பங்கு அமெரிக்காவுடையது; அங்கே தேசிய சுகாதார நிறுவனங்களும், ஆச்சரியமாக, எரிசக்தித் துறையும் பணம் போட்டன. பிரிட்டனில், மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் வெல்கம் அறக்கட்டளையின் பணத்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்திலுள்ள சாங்கர் மையம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரிசையைப் படித்தது. ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா ஆகியவை மீதி. ஆறு நாடுகள், இருபது மையங்கள். எல்லாரும் பணத்தைப் போட்ட பொது உண்டியல் என்று ஒன்று கிடையாது. 1996-இல் பெர்முடாவில் கூடி, படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போட்டுவிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தம்தான் இந்தத் திட்டத்தைக் கட்டிப்போட்ட கயிறு. 1998 மே மாதத்தில் ஒரு தனியார் நிறுவனம் மூன்றே வருடத்தில் முடித்துக் காட்டுவதாக அறிவித்தபோது, வெல்கம் அறக்கட்டளை சில நாட்களிலேயே தன் பங்கை உயர்த்தியது. அமெரிக்க அரசுப் பணம் தடுமாறியிருக்கக்கூடிய நேரத்தில் இன்னொரு நாட்டிலிருந்து வந்த முட்டு அது. பல பைகள் இருப்பதன் பலன் அந்த வாரத்தில் தெரிந்தது.

இந்தியா அந்த ஆறில் இல்லை. சீனா கடைசி நேரத்தில், 1999 செப்டம்பரில், மூன்றாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. மொத்த வேலையில் ஒரே ஒரு சதவீதம். அந்தப் பகுதியைச் சீனா படிக்காவிட்டால் வேறு யாராவது இரண்டு மாதத்தில் படித்திருப்பார்கள். அறிவியலுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த ஒரு சதவீதத்துக்காக அவர்கள் கருவி வாங்கினார்கள், ஆட்களைப் பயிற்றுவித்தார்கள், தரம் எப்படி அளப்பது என்று கற்றுக்கொண்டார்கள். 2002-இல் மரபணு வேறுபாடுகளை வரைபடமாக்கும் ஹாப்மேப் திட்டம் தொடங்கியபோது அவர்கள் பங்கு சுமார் பத்து சதவீதம். 2008-இல் ஆயிரம் ஜீனோம் திட்டம் தொடங்கியபோது ஷென்ஜென் நகரின் பிஜிஐ என்ற ஜீனோம் ஆய்வு நிறுவனம், சாங்கர் மையத்துக்கும் அமெரிக்கர்களுக்கும் சமமாகத் தலைமை இருக்கையில் இருந்தது. பத்து வருடத்துக்குள் நடந்த மாற்றம் இது. நுழைவுச் சீட்டு விலை குறைவாக இருக்கும்போது வாங்கியவர்களின் கதை.

நாம் வாங்கிய முதல் பெரிய சீட்டு நெல்லில். சர்வதேச நெல் ஜீனோம் வரிசைத் திட்டம் 1997-இல் உருவானது, முன்னின்றது ஜப்பான். இந்தியா 2000-இல் சேர்ந்தது. பன்னிரண்டு குரோமோசோம்களை நாடுகள் பிரித்துக்கொண்டன: ஜப்பானுக்கு முதலாவது உட்படப் பல, சீனாவுக்கு நான்காவது, தைவானுக்கு ஐந்தாவது, பிரான்சுக்குப் பன்னிரண்டாவது, இப்படி. இந்தியா எடுத்துக்கொண்டது பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகமும், டெல்லியின் பூசா வளாகத்தில் இருந்த தாவர உயிரித் தொழில்நுட்பத்துக்கான தேசிய ஆராய்ச்சி மையமும் வேலையைச் செய்தன. பணம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் (சுருக்கமாக டிபிடி) வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் கொடுத்தது. முழு வரிசை 2005 ஆகஸ்டில் வெளியானது.

பதினொன்றை ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் குரோமோசோமில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அடர்த்தியாக இருக்கின்றன. குலைநோய்க்கு எதிரான ஒரு மரபணு அதில்தான் இருக்கிறது. அதை 2005 வாக்கில் பூசாவிலேயே பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் புகழ்பெற்ற மரபணு ஒன்றும் அதே குரோமோசோமில்தான். குலைநோயில் கதிர்க்கழுத்து ஒடிந்து சாய்ந்த வயலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேர்வின் அர்த்தம் புரியும். ஜப்பான்காரர்கள் நம் பகுதியையும் சேர்த்துப் படித்துக் கொடுத்திருந்தாலும் அதே எழுத்துகள்தான் வந்திருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் ஐந்து வருடம் புரண்ட கைகள் இங்கே இருந்திருக்காது. வரிசை கிடைப்பதும், அதை வைத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆள் கிடைப்பதும் தனித்தனி விஷயங்கள். பொதுவில் இலவசமாகக் கிடைப்பது முதலாவது மட்டும்.

அடுத்து தக்காளியில் ஐந்தாம் குரோமோசோம், கோதுமையில் 2ஏ என்ற குரோமோசோம். தக்காளிக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டுக்கொரு குரோமோசோம் என்ற ஏற்பாட்டின் பலவீனம் அதில்தான் தெரிந்தது. கொரியாவுக்கு இரண்டாவது, சீனாவுக்கு மூன்றாவது, பிரிட்டனுக்கு நான்காவது, நமக்கு ஐந்தாவது என்று பிரித்து, துண்டு துண்டாகப் படிக்கும் பழைய முறையில் வேலை தொடங்கியது. ஒரு நாட்டில் பணம் உடனே வந்தது, இன்னொரு நாட்டில் அமைச்சகம் மாறியதும் நின்றது. முன்னேறிய குரோமோசோமும் பின்தங்கிய குரோமோசோமும் ஒரே செடிக்குள்! அதற்குள் புதுத் தலைமுறைக் கருவிகள் வந்துவிட்டன. முழு ஜீனோமையும் ஒரே மூச்சில் சிதறடித்துப் படிப்பது மலிவாகிவிட்டது. 2009 வாக்கில் திட்டம் திசை மாறியது. 2012 மே மாதம் வெளியான கட்டுரை அந்தப் புதுமுறையைப் பெரிதும் நம்பியது. ஐந்தாவது குரோமோசோமுக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை முழு ஜீனோமுக்குத் திருப்புவது என்றால் நம் ஊரில் எத்தனை கோப்பு நகர வேண்டும் என்று அரசு நிறுவனத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொழில்நுட்பம் பதினெட்டு மாதத்தில் மாறும் துறையில் ஐந்து வருட வேலைத்திட்டத்தை வரிக்கு வரி முன்கூட்டியே எழுதி வாங்குவது விவேகமில்லை. இந்தப் பாடம் இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை என்பது என் எண்ணம்.

கோதுமையின் ஜீனோம் ராட்சசன். நெல்லைவிட நாற்பது மடங்குக்கும் மேல் பெரியது. 2005-இல் தொடங்கிய கூட்டமைப்பு 2018 ஆகஸ்டில்தான் முழு வரிசையை வெளியிட்டது. இருபது நாடுகள். லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் அதில் நம் பக்கத்து முக்கிய ஆள்.

இவற்றையெல்லாம்விட உங்கள் கேள்விக்கு நெருக்கமான உதாரணம் புற்றுநோய். 2008-இல் சர்வதேசப் புற்றுநோய் ஜீனோம் கூட்டமைப்பு தொடங்கியது. ஐம்பது வகைப் புற்றுநோய், ஒவ்வொன்றிலும் சுமார் ஐந்நூறு நோயாளிகள், மொத்தம் 25,000 கட்டிகள் என்பது இலக்கு. ஒரு வகைக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் ஆகும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். சேரும் நாடு குறைந்தது ஒரு வகையைத் தன் செலவில் முழுதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எதை ஏற்பது என்பது அந்த நாட்டின் முடிவு. சீனா இரைப்பையை எடுத்தது. ஜப்பான், வைரஸால் வரும் கல்லீரல் புற்றுநோயை எடுத்தது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் கணையத்தை எடுத்தன.

இந்தியா எடுத்தது ஈறும் கன்னத்தின் உட்புறமும் சேரும் இடத்தில் வரும் வாய்ப்புற்றுநோயை. புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடம் அதுதான். நம் ஊர் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் அது ஒன்று. மேலை நாடுகளில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகரெட்டும் மதுவும் ஒரு வகை வைரஸும் பெரிய காரணங்கள். மென்று துப்பும் புகையிலை அங்கே அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஆக, இந்தியா எடுக்காவிட்டால் இந்தப் புற்றுநோயை யாரும் அந்த அளவுக்கு ஆழமாகப் படித்திருக்கப் போவதில்லை. டிபிடி பணம் கொடுத்தது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் அப்போதுதான் தொடங்கியிருந்த தேசிய உயிர்மருத்துவ ஜீனோமிக்ஸ் நிறுவனமும், நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் வேலையைச் செய்தன. 2013 டிசம்பரில் முதல் பெரிய கட்டுரை வந்தது. முதலில் ஐம்பது நோயாளிகள், பிறகு சரிபார்க்க இன்னும் அறுபது பேர். ஏற்கெனவே தெரிந்த மரபணுக்களோடு, இந்த வகைக் கட்டியில் அடிக்கடி மாற்றமடையும் ஐந்து புதிய மரபணுக்களையும் அடையாளம் காட்டினார்கள். கட்டுரையின் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் கூட்டமைப்பின் "இந்தியத் திட்டக் குழு" என்றே இருக்கும்.

கூட்டமைப்பு நமக்கு என்ன கொடுத்தது? பணம் இல்லை. கட்டியை எப்படிச் சேகரிப்பது, அதே நோயாளியின் ரத்தத்தை ஒப்பிட எப்படி எடுப்பது, எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தால் நம்பலாம், ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதுவது என்ற விதிமுறைகள் வந்தன. ஒரே விதிமுறையில் எல்லாரும் செய்ததால், நம் கன்னக் கட்டியைக் கனடாவின் கணையக் கட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2020 பிப்ரவரியில் 2,658 நோயாளிகளின் முழு ஜீனோம்களை ஒன்றாக அலசிய கட்டுரைத் தொகுதி வந்தது அந்த அடித்தளத்தில்தான். தனியாகச் செய்திருந்தால் நம்மிடம் வாய்ப்புற்றுநோய்த் தரவு இருந்திருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு, அதில் தமிழர்களே இருக்கிறார்கள். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் கடைசிக் கட்டம் 2015-இல் வெளியானது: 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். தெற்காசியாவிலிருந்து ஐந்து குழுக்கள். அந்தப் பட்டியலைப் பாருங்கள். வங்கதேசத்து வங்காளிகள், லாகூர் பஞ்சாபிகள், ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். இந்திய மண்ணில் எடுத்த ஒரு மாதிரிகூட இல்லை. இலங்கை மண்ணிலும் இல்லை. உலகம் முழுக்க மரபணுப் பகுப்பாய்வு செய்கிறவர்கள் "எஸ்டியூ" என்ற மூன்றெழுத்துக் குறியீட்டை எடுத்துத் தமிழருக்கான ஒப்பீட்டுத் தரவாக இன்றும் பயன்படுத்துகிறார்கள். அது இங்கிலாந்தில் ரத்தம் கொடுத்த நூறு சொச்சம் ஈழத்தமிழர்கள். அவர்கள் கொடுத்ததால்தான் நமக்கு அந்த அளவாவது இருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தேனி மலையிலோ, ராமநாதபுரத்திலோ, மட்டக்களப்பிலோ வாழும் மக்களுக்கு அது எவ்வளவு பொருந்தும்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தன் தன் வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட சமூகங்கள் நிறைந்த இடம் இது. ஒரு ஊரில் அரிதாக இருக்கும் மரபணு மாற்றம் பக்கத்துச் சமூகத்தில் சாதாரணமாக இருக்கும். அதை இங்கே மாதிரி எடுத்தால்தான் பார்க்க முடியும். மேசையில் நம் இருக்கை காலியாக இருந்தபோது, யாரை எங்கே மாதிரி எடுப்பது என்பதை வேறு பணம் தீர்மானித்தது. தரவு இலவசமாகக் கிடைத்தது, சரி. எந்தத் தரவு?

இனி வரிப்பணம் வெளிநாடு போகிறதா என்ற பகுதி. போகிறது, ஆனால் கூட்டாய்வு வழியாகப் போவது சொற்பம். வரிசைப்படுத்தும் கருவிகளைச் செய்வது உலகத்தில் விரல்விட்டு எண்ணும் நிறுவனங்கள்: அமெரிக்காவின் இலுமினாவும் பாக்பயோவும், பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர், சீனாவின் எம்ஜிஐ. கருவியோடு முடிவதில்லை, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே நிறுவனத்தின் வேதிப்பொருள் பெட்டியும் சில்லும் வாங்க வேண்டும். முழுக்க முழுக்க உள்நாட்டுத் திட்டம் என்று பெருமையாகச் சொல்லப்படும் ஒன்றில்கூட ஒவ்வொரு ஜீனோமுக்கும் டாலரில் பணம் போகிறது. கூட்டாய்வை நிறுத்தினால் அது ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இதில் நம் அரசே தன் காலில் முள்ளை வைத்துக்கொண்ட சம்பவங்களும் உண்டு. 2020 மே மாதத்தில், 200 கோடி ரூபாய்க்குக் குறைவான எதற்கும் உலகளாவிய டெண்டர் விடக்கூடாது என்று விதி வந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்க நல்ல எண்ணத்தில் வந்த விதி. உள்நாட்டில் செய்யவே செய்யாத கருவிக்கும் அதே விதி. விதிவிலக்கு வாங்கக் கோப்பு டெல்லி போய் வர வேண்டியிருந்தது. 2025-இல்தான் அறிவியல் நிறுவனங்களின் தலைவர்களே அனுமதி தரலாம் என்று தளர்த்தினார்கள். 2022 ஜூலையில் அரசு ஆய்வகங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை போய் 18 சதவீதம் ஆனது. ஒரு கையால் கிராண்ட் கொடுத்து மறு கையால் வரியாக வாங்கிக்கொள்வது. ஏற்கெனவே கிடைத்த பணத்தில் எத்தனை மாதிரி படிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்கள் மாதிரி எண்ணிக்கையைக் குறைத்தார்கள். வெளிநாட்டுக் கூட்டாளியிடம் காரணம் சொல்லும்போது அவருக்குப் புரியவே இல்லை.

கூட்டாய்வுப் பணத்தில் எல்லாரும் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. வரிசை படிக்கப் பணம் கிடைக்கும். வாரம் தவறாமல் பத்து நாட்டுக்காரர்களைத் தொலைபேசியில் கூட்டி, யார் எந்தக் கோப்பை இன்னும் அனுப்பவில்லை என்று துரத்துகிறவருக்குச் சம்பளம் யார் தருவது? தரவை இருபது வருடம் பத்திரமாக வைத்திருக்கும் கணினிக்கு மின்கட்டணம் யார் கட்டுவது? புற்றுநோய்க் கூட்டமைப்பின் செயலகமும் தரவு ஒருங்கிணைப்பு மையமும் டொரன்டோவில் இருந்தன. அந்த நிறுவனத்தைத் தாங்கியது பெரும்பாலும் ஒன்டாரியோ மாகாண அரசின் பணம். ஒரு மாகாண அரசு! அதற்குக் கிடைத்த கூலி, உலகமே டொரன்டோவைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. அதேபோல உலகத்தின் பொது வரிசைத் தரவு பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடத்துக் கிடங்குகளில் ஒன்றையொன்று நகலெடுத்து இருக்கிறது. நம் மாணவர்கள் தினமும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கோப்புகளுக்கு அந்த நாட்டு மக்கள் வாடகை கட்டுகிறார்கள். இந்தியா இந்த விஷயத்தில் தாமதமாகத்தான் விழித்தது. ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. நான்கு பெட்டாபைட், அதாவது நாற்பது லட்சம் ஜிகாபைட் கொள்ளளவு. இது நல்ல செலவு. என்னைக் கேட்டால் இன்னொரு வரிசைக் கருவி வாங்குவதைவிட நல்ல செலவு.

இன்னொன்று, காலம். இரண்டு நாடுகள் சேர்ந்து அறிவிக்கும் திட்டங்களில் விண்ணப்பம் ஒன்று, மதிப்பீடு ஒன்று, ஆனால் பணம் இரண்டு வாசலில் வரும். நான் இருந்த ஒரு திட்டத்தில் எதிர்த்தரப்பு ஆள் எடுத்து வேலையைத் தொடங்கி வெகுகாலம் கழித்துத்தான் நம் பக்கத்து சாங்ஷன் லெட்டர் வந்தது. அவர்கள் கடைசிக் கட்டக் கட்டுரை எழுத உட்காரும்போது நாங்கள் இரண்டாம் தவணைக்காக யூசி (வந்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ப்ராஜெக்ட்டில் இருந்த பையன் உதவித்தொகை வராமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் கற்றுக்கொண்டது அவனோடு போனது. கூட்டாய்வு என்றால் முதலில் இரண்டு தரப்புப் பணமும் ஒரே மாதத்தில் வர வேண்டும். தொகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

வேறு மாதிரிகளும் உண்டு. கனடா 2000-இல் ஜீனோம் கனடா என்ற அமைப்பை உருவாக்கியது. மத்திய அரசு பணம் கொடுக்கும். ஆனால் விண்ணப்பிப்பவர் அதற்கு ஈடான பணத்தை மாகாணம், தொழில்துறை, வெளிநாடு என்று வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கூட்டாளி தேடும் வேலையை விதியே செய்துவிடுகிறது. அட்லாண்டிக் சால்மன் மீனின் ஜீனோம் இப்படி வந்த ஒன்று. கனடா, நார்வே, சிலி மூன்றும் பண்ணை சால்மன் சந்தையில் போட்டியாளர்கள். ஆனாலும் அடிப்படை வரிசை ஒன்றுதான் வேண்டும், அதை மூன்று முறை படிப்பது வீண் என்று சேர்ந்துகொண்டார்கள். நார்வே மீன் வளர்ப்பு நிறுவனங்களும் பணம் போட்டன. 2016 ஏப்ரலில் வெளியிட்டுவிட்டு, அவரவர் இனப்பெருக்கத் திட்டத்துக்குத் திரும்பிப் போனார்கள். எந்த இடம் வரை கூட்டு, எங்கிருந்து போட்டி என்று முன்பே கோடு கிழித்ததுதான் அதன் வெற்றி.

ஆப்பிரிக்காவில் நடந்தது வேறு. ஆப்பிரிக்க மக்களின் மரபணுவையும் நோய்களையும் ஆராயும் எச்3ஆப்பிரிக்கா என்ற திட்டத்துக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் வெல்கம் அறக்கட்டளையும் 2012 முதல் பத்து வருடத்துக்கு 17 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. பணம் நேராக ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கே போனது, வெள்ளைக்காரப் பேராசிரியர் வழியாக அல்ல. அந்த வகையில் முன்னோடி. 2020-இல் வெளியான ஒரு கட்டுரை, 426 பேரின் ஜீனோமில் மட்டும் அதுவரை பதிவாகாத முப்பது லட்சம் மாற்றங்களைக் காட்டியது. 2022-இல் பணம் நின்றது. கட்டிய ஆய்வகங்களையும் பயிற்றுவித்த ஆட்களையும் அடுத்து யார் தாங்குவது என்பது அப்போதிலிருந்து பெரிய தலைவலி. உள்ளூர்க் கஜானாவின் பங்கு தொடக்கத்திலேயே இல்லாவிட்டால் வரும் சங்கடம் அது. இந்தியாவில் 2008 முதல் இயங்கும் டிபிடி–வெல்கம் கூட்டு உதவித்தொகைத் திட்டம் தொடக்கத்தில் பாதிக்குப் பாதி. 2025-இல் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்தில் மொத்தம் 1,500 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி நம்முடையது. கூட்டாளி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினாலும் திட்டம் நிற்கும் விதத்தில் பங்கு மாறியிருக்கிறது.

தனியாகவே செய்தால் என்ன? செய்திருக்கிறோம். 2011-இல் துவரையின் ஜீனோமை இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன: ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் ஒரு சர்வதேசக் குழு, பூசாவில் ஒரு முழு இந்தியக் குழு. இரண்டும் எடுத்தது ஆஷா என்ற ஒரே ரகம்! 2013-இல் கொண்டைக்கடலையில் மறுபடியும் அதே கதை. ஆனால் இந்த முறை சர்வதேசக் குழு கனடாவின் வெள்ளைக் கொண்டைக்கடலை ரகத்தையும், டெல்லிக் குழு நம் நாட்டுக் கறுப்புக் கடலையையும் படித்தன. துவரையில் நடந்தது இரட்டைச் செலவு என்றுதான் சொல்வேன். கடலையில் நடந்தது அப்படியில்லை; இரண்டையும் ஒப்பிட்டதில் புதிதாகக் கற்றோம்.

2020-இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டம் முழுக்க டிபிடி பணம், இருபது நிறுவனங்கள், 80-க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்கள், பத்தாயிரம் ஜீனோம் என்ற இலக்கு. தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் மையம் வழியாகக் கட்டுப்பாட்டோடு திறக்கப்பட்டது. ஆயிரம் ஜீனோம் பட்டியலில் நாம் விட்ட ஓட்டையை அடைக்கும் வேலை அது. அதை நாமேதான் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தரவில் ஒரு மாற்றம் நோயோடு தொடர்புடையதா என்று சொல்ல வேண்டுமானால் பிரிட்டன், பின்லாந்து, ஜப்பான் தரவோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஐரோப்பியர்கள் இப்போது போகும் வழி இதற்குப் பொருத்தமானது. தரவு அந்தந்த நாட்டிலேயே இருக்கும். கேள்வி மட்டும் பயணம் செய்து, விடையை எடுத்துக்கொண்டு திரும்பும். அவர்களுடைய ஜீனோம் தரவுக் கட்டமைப்புத் திட்டத்தில் பாதிப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது, மீதி உறுப்பு நாடுகளுடையது. ரத்த மாதிரி நாட்டுக்குள் இருக்க, கணக்கு மட்டும் வெளியே போகும் ஏற்பாடு.

சட்டப் பக்கமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மனித மாதிரிகளை வைத்து வெளிநாட்டோடு சேர்ந்து மருத்துவ ஆராய்ச்சி செய்ய, சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கோப்பு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வழியாகப் போகும். பயிர், கால்நடை, நுண்ணுயிர் என்றால் 2002-இன் பல்லுயிர்ச் சட்டம். அதைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் மனித மரபணுப் பொருள் அடங்காது. மேலும், மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கூட்டாய்வுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. திட்டத்தை எழுதும்போதே இந்த விலக்குக்குள் வரும்படி எழுதத் தெரிந்தவர் ஒரு வருடத்தை மிச்சப்படுத்துவார்.

கடைசியாக, இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதும் முக்கியம். 2025 மே மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், தாங்கள் பணம் கொடுக்கும் அமெரிக்க ஆய்வகங்கள் அதில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வழியை நிறுத்தின. அதற்கு முந்தைய மாதத்தில், கட்டுப்படுத்தப்பட்ட தரவுக் கிடங்குகளைச் சீனா உட்பட ஆறு நாடுகளுக்கு மூடின. சீனா தன் மக்களின் மரபணு வளத்துக்கான தனி விதிகளை 2019-இலேயே இறுக்கியது. அமெரிக்கப் பேராசிரியரின் கிராண்டில் ஒரு துண்டு வாங்கி இங்கே ஆய்வகம் நடத்தியவர்கள் பலருக்கு அந்தக் கதவு சாத்திவிட்டது. அதனால் நீங்கள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது, அந்த ஆய்வகத்தின் வெளிநாட்டுக் கூட்டாளிகள் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பக்கத்துப் பணம் எந்தத் துறையிலிருந்து, எத்தனை வருடத்துக்கு, யூசி பாக்கி இல்லாமல் வருகிறதா என்றும் கேளுங்கள்.